எந்திரம் காக்கும் எண்ணெய்

நுழையும்முன்

புயல் ஓய்ந்த மறுநாள் ஊரை மீண்டும் இயங்கச் செய்யும் கருவிகளுள் சங்கிலி இரம்பமும் ஒன்று. அதன் பெட்ரோலில் கலக்கப்படும் சிறிதளவு எண்ணெய், எந்திரத்தின் ஆயுளோடு அதைக் கையில் ஏந்தி உழைப்பவரின் மூச்சையும் தீர்மானிக்கிறது. கடையில் அடுக்கப்பட்டிருக்கும் பல நிறக் குப்பிகளுள் எதைத் தேர்ந்தெடுப்பது, எவ்வளவு கலப்பது என்னும் வினாக்களுக்கு விலையும் விளம்பரமும் விடை தருவதில்லை. எந்திரம் இயங்கும் முறையை அறிந்தவருக்கே விடை கிடைக்கிறது.

புயலுக்குப் பின்

2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வீசிய காற்றில் நகரிலும் புறநகரிலும் ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி முதலிய மேற்குப் புறநகர்ப் பகுதிகளும் இதற்கு விலக்கல்ல. தூங்குமூஞ்சி மரங்களும் பெருங்கொன்றை மரங்களும் தெருக்களை அடைத்துக் கிடந்தன. மின்கம்பிகள் அறுந்து, பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை.

மின்சாரமில்லாத தெருவில் மின் இரம்பம் பயன்படாது. கோடரியால் ஒரு பெருமரத்தைத் துண்டாக்க நெடுநேரம் ஆகும். அந்நிலையில் தேவைப்பட்டது பெட்ரோலால் இயங்கும் சங்கிலி இரம்பமே. அவசர ஊர்தி செல்லவும், பால் வண்டி நுழையவும், மின்வாரியப் பணியாளர் கம்பத்தை அடையவும் முதலில் மரம் அகல வேண்டும். அத்தகைய வேளையில் ஓர் எந்திரம் நின்றுவிட்டால், வேலை தடைப்படுவதோடு அதை நம்பியிருப்பவரின் அன்றைய கூலியும் போய்விடும். எந்திரம் நின்றுபோவதற்கான காரணங்களுள் ஒன்று தவறான எண்ணெய், அல்லது தவறான அளவு.

இருவீச்சு எந்திரம்

பேருந்து, மகிழுந்து ஆகியவற்றின் எந்திரங்கள் பெரும்பாலும் நான்கு வீச்சு எந்திரங்கள். எரிபொருளை உள்ளிழுத்தல், அழுத்துதல், எரித்துத் திறன் பெறுதல், புகையை வெளியேற்றுதல் ஆகிய நான்கு செயல்களுக்கும் பிஸ்டன் நான்கு முறை நகர்கிறது. இருவீச்சு எந்திரமோ இந்நான்கையும் பிஸ்டனின் இரண்டே நகர்வுகளில் முடித்துவிடுகிறது. ஆகவே கிராங்க் தண்டின் ஒவ்வொரு சுழற்சியிலும் ஒருமுறை திறன் பிறக்கிறது. எடை குறைந்த எந்திரத்திலிருந்து மிகுந்த ஆற்றல் கிடைப்பதற்கு இதுவே காரணம்.

இருவீச்சு முறைக்கு 1881ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றவர் இசுக்காட்லாந்தைச் சேர்ந்த டுகால்ட் கிளார்க். அதை எளிமையாக்கியவர் இங்கிலாந்தின் பாத் நகரைச் சேர்ந்த ஜோசப் டே. எரிபொருளும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் அறைக்குள் முதலில் இழுத்து, அங்கே சற்று அழுத்தி, பின்னர் மேலே சிலிண்டருக்குள் செலுத்தும் முறையை அவர் வகுத்தார். இம்முறையில் கிராங்க் அறையே காற்றடிக்கும் பம்புபோல் செயல்படுகிறது.

இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. நான்கு வீச்சு எந்திரத்தில் கிராங்க் அறையின் அடியில் எண்ணெய் தேங்கி நிற்கும். அதுவே மீண்டும் மீண்டும் சுற்றிவந்து உராய்வைத் தணிக்கும். கிராங்க் அறை வழியாகப் பெட்ரோல் கலவை ஓடும் எந்திரத்தில் எண்ணெயைத் தேக்கி வைக்க இடமில்லை. எனவே எண்ணெய் பெட்ரோலோடு கலந்தே உள்ளே வருகிறது. வரும் வழியில் பேரிங்குகளையும் பிஸ்டனையும் சிலிண்டரின் சுவரையும் நனைத்து, இறுதியில் பெட்ரோலோடு தானும் எரிந்து வெளியேறுகிறது. ஒருமுறை வந்த எண்ணெய் மறுமுறை பயன்படுவதில்லை.

எண்ணெய்த் தேக்கம் இல்லாமை ஒரு நன்மையாகவும் அமைகிறது. மரம் அறுப்பவர் இரம்பத்தை நேராகவும், பக்கவாட்டிலும், சில வேளைகளில் தலைகீழாகவும் பிடிக்க நேரும். தேங்கிய எண்ணெயை நம்பும் எந்திரம் அவ்வாறு சாய்க்கப்பட்டால் அதன் உறுப்புகளுக்கு எண்ணெய் எட்டாமல் போகலாம். பெட்ரோலோடு எண்ணெய் வரும் எந்திரத்துக்கு எத்திசையும் ஒன்றே. 1920களின் இறுதியில் செருமனியில் எமில் லெர்ப், ஆண்ட்ரியாசு இசுட்டீல் ஆகியோர் பெட்ரோல் இரம்பங்களை உருவாக்கினர். அக்காலக் கருவிகளைத் தூக்க இருவர் வேண்டியிருந்தது. ஒருவரே ஏந்தி எத்திசையிலும் அறுக்கும் இன்றைய வடிவத்தை இருவீச்சு எந்திரமே இயலச் செய்தது.

தெரிந்து தெளிவோம்

ஆவடி கனரக ஊர்தித் தொழிற்சாலையில் 1965 முதல் உருவாக்கப்பட்ட ‘விசயந்தா’ பீரங்கி வண்டியில் பொருத்தப்பட்ட லேலண்டு எல்-60 டீசல் எந்திரமும் இருவீச்சு எந்திரமே. ஒரே சிலிண்டருக்குள் இரு பிஸ்டன்கள் எதிரெதிராக நகரும் அமைப்புடைய அவ்வெந்திரத்தின் ஆற்றல் 535 குதிரைத்திறன். ஆயினும் அதன் எரிபொருளில் எண்ணெய் கலக்க வேண்டியதில்லை. காற்றை உட்செலுத்தத் தனி ஊதுகருவி இருந்தமையால் கிராங்க் அறை அவ்வேலையிலிருந்து விடுபட்டது. எண்ணெய் தன் தனி வழியில் சுற்றிவந்தது. எரிபொருளில் எண்ணெய் கலக்கவேண்டிய தேவை ‘இருவீச்சு’ என்பதால் எழுவதன்று. கிராங்க் அறை வழியே கலவை செல்வதால் எழுவது என்பதை இது தெளிவாக்குகிறது.

எண்ணெயின் பணி

தொழில்முறைச் சங்கிலி இரம்பம் முழு வேகத்தில் நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுழற்சிகளுக்கு மேல் சுழலக்கூடியது. பன்னிரண்டாயிரம் என்றே கொண்டாலும் அது நொடிக்கு இருநூறு சுழற்சிகள். அதாவது நொடிக்கு இருநூறு முறை எரிதல் நிகழ்கிறது. அவ்வெந்திரம் மணிக்கு ஒரு லிட்டர் பெட்ரோலைச் செலவழிப்பதாகவும், அந்த லிட்டரில் 20 மில்லிலிட்டர் எண்ணெய் கலந்திருப்பதாகவும் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் நிகழும் சுழற்சிகள் ஏழு இலட்சத்து இருபதாயிரம். எனவே ஒரு சுழற்சிக்குக் கிடைக்கும் எண்ணெய், ஒரு மில்லிலிட்டரில் முப்பத்தாறாயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே. உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையே காப்பாக நிற்பது கண்ணுக்குத் தெரியாத இந்த மெல்லிய படலமே.

இவ்வெண்ணெய் ஒரே நேரத்தில் பல பணிகளைச் செய்ய வேண்டும். உராய்வைத் தணிப்பது முதற்பணி. பிஸ்டன் வளையங்கள் கரி படிந்து ஒட்டிக்கொள்ளாமல் தூய்மையாக வைத்திருப்பது இரண்டாவது. புகை குறைவாக எரிவது மூன்றாவது. புகை வெளியேறும் வழியையும் சைலன்சரையும் கரியால் அடைக்காதிருப்பது நான்காவது. இப்பணிகள் ஒன்றோடொன்று முரண்படக்கூடியவை. எளிதில் எரியாத கெட்டியான எண்ணெய் நன்கு வழவழப்பூட்டும். ஆனால் புகையும் கரியும் மிகும். எளிதில் எரியும் எண்ணெய் தூய்மையாக எரியும். ஆனால் உராய்வைத் தாங்குமா என்னும் ஐயம் எழும். இவற்றைச் சமன்செய்வதே எண்ணெய் தயாரிப்போரின் திறன்.

தரக்குறியீடுகளைப் படித்தல்

சப்பான் நாட்டு ஊர்தித் தர அமைப்பு 1994ஆம் ஆண்டு மேற்கண்ட நான்கு பண்புகளையும் எந்திரத்தில் இட்டுச் சோதித்து மதிப்பிடும் முறையை வகுத்தது. அதன் சுருக்கப்பெயரே குப்பிகளில் காணப்படும் ‘ஜாசோ’ என்னும் சொல். அதன் எஃப்பி தரம் அடிப்படையானது. எஃப்சி தரத்தில் புகையும் அடைப்பும் மிகக் குறைவு. எஃப்டி தரம் எஃப்சி தரத்தின் பண்புகளோடு, மிகுந்த வெப்பத்திலும் பிஸ்டனைத் தூய்மையாக வைத்திருக்கும் ஆற்றலும் உடையது. பன்னாட்டுத் தர அமைப்பு இவற்றை ஒட்டி ஐஎஸ்ஓ எல்-ஈஜிபி, எல்-ஈஜிசி, எல்-ஈஜிடி என்னும் தரங்களை வகுத்துள்ளது. மிகுந்த வேகத்திலும் வெப்பத்திலும் இயங்கும் சங்கிலி இரம்பத்துக்கு ஜாசோ எஃப்டி அல்லது ஐஎஸ்ஓ எல்-ஈஜிடி குறியீடுடைய எண்ணெய் சிறந்தது. அது கிடைக்காதபோது எஃப்சி தரம் ஏற்புடையதா என்பதைக் கருவியின் கையேடு கூறும்.

குப்பியின் முகப்பில் பெரிய எழுத்தில் உள்ள பெயரைவிட, பின்புறத்தில் சிறிய எழுத்தில் உள்ள குறியீடே முதன்மையானது. எண்ணெயின் நிறமும் தரத்தைக் காட்டாது. நீலம், பச்சை, சிவப்பு ஆகியவை சேர்க்கப்பட்ட சாயங்கள். எண்ணெய் கலந்த பெட்ரோலை, கலக்காத பெட்ரோலிலிருந்து ஒரே பார்வையில் வேறுபடுத்துவதற்காகவே அவை சேர்க்கப்படுகின்றன.

பொருந்தா எண்ணெய்கள்

எண்ணெய் என்னும் பெயர் ஒன்றாயினும் பயன் ஒன்றன்று. தவிர்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது, நான்கு வீச்சு எந்திர எண்ணெய். மோட்டார் சைக்கிளுக்கு வாங்கியதில் எஞ்சியதை இரம்பத்துக்கு ஊற்றும் வழக்கம் சிலரிடம் உண்டு. அவ்வெண்ணெய் எரிவதற்காக உருவாக்கப்பட்டதன்று. அதில் சேர்க்கப்பட்டுள்ள துத்தநாகம், கால்சியம் முதலிய உலோகச் சேர்மங்கள் எரிந்தபின் சாம்பலாக மிஞ்சுகின்றன. அச்சாம்பல் ஸ்பார்க் பிளக்கிலும் பிஸ்டனின் தலையிலும் படிந்து எந்திரத்தைக் கெடுக்கிறது.

இரண்டாவது, படகு எந்திர எண்ணெய். மீன்பிடிப் படகுகளின் வெளிப்பொருத்து எந்திரங்களுக்கான டிசி-டபிள்யூ3 எண்ணெய் சாம்பல் இல்லாதது, தரமானதும்கூட. ஆனால் படகு எந்திரம் நீரால் குளிர்விக்கப்படுகிறது. சங்கிலி இரம்பம் காற்றால் குளிர்விக்கப்படுகிறது. நீரின் குளிர்ச்சிக்கு ஏற்ப அமைந்த எண்ணெய், காற்றால் மட்டும் குளிரும் எந்திரத்தின் கடும் வெப்பத்தைத் தாங்குவதற்கு உரியதன்று.

மூன்றாவது, சங்கிலி எண்ணெய். இரம்பத்தில் இரண்டு தொட்டிகள் உள்ளன. ஒன்றில் எண்ணெய் கலந்த பெட்ரோல் ஊற்றப்படும். மற்றொன்றில் சங்கிலிக்கும் அது ஓடும் தகட்டுக்கும் உரிய எண்ணெய் ஊற்றப்படும். சங்கிலி எண்ணெய், வேகத்தில் சிதறாமல் ஒட்டிக்கொள்ளும் பிசுபிசுப்பு உடையது. அதைப் பெட்ரோலில் கலத்தல் கூடாது. ஊர்திகளிலிருந்து வடித்த பழைய எண்ணெயைச் சங்கிலிக்கு ஊற்றுவதும் தீது. அதிலுள்ள உலோகத் துகள்கள் தகட்டைத் தேய்க்கின்றன. அதிலுள்ள நச்சுச் சேர்மங்கள் மரத்தூளோடு தெறித்து உழைப்பவரின் தோலிலும் மண்ணிலும் படிகின்றன.

கலவைக் கணக்கு

இன்றைய இரம்பங்கள் பலவற்றின் கையேடுகள் ஐம்பதுக்கு ஒன்று என்னும் விகிதத்தைக் கூறுகின்றன. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர் எண்ணெய் என்பது இதன் பொருள். நாற்பதுக்கு ஒன்று எனில் 25 மில்லிலிட்டர். இருபத்தைந்துக்கு ஒன்று எனில் 40 மில்லிலிட்டர். ஐந்து லிட்டர் பெட்ரோலை ஐம்பதுக்கு ஒன்று என்னும் விகிதத்தில் கலக்க 100 மில்லிலிட்டர் எண்ணெய் போதும். சில நிறுவனங்கள் தம் எண்ணெய்க்கு ஒரு விகிதமும் பிற எண்ணெய்க்கு வேறு விகிதமும் கூறுவதுண்டு. ஆகவே எண்ணெயை மாற்றும்போது கையேட்டையும் மறுமுறை பார்க்க வேண்டும்.

எண்ணெய் குறைந்தால் எந்திரம் கெடும் என்பதை அனைவரும் அறிவர். மிகுந்தாலும் கெடும் என்பதைப் பலர் அறிவதில்லை. ‘இன்னும் கொஞ்சம் ஊற்றினால் நல்லதுதானே’ என்னும் எண்ணம் இயல்பாக எழுகிறது. மிகுதியான எண்ணெய் முழுதும் எரியாமல் கரியாகிப் புகைவழியை அடைக்கிறது. ஸ்பார்க் பிளக்கை நனைத்துத் தீப்பொறியைத் தடுக்கிறது. மேலும், கலவையில் எண்ணெயின் பங்கு கூடும்போது பெட்ரோலின் பங்கு குறைகிறது. அதனால் உள்ளே செல்லும் காற்றோடு ஒப்பிடுகையில் எரிபொருள் குறைந்து வெப்பம் உயர வாய்ப்பு உண்டாகிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சு என்னும் முதுமொழி எந்திரத்துக்கும் பொருந்தும்.

கலக்கும் முறையும் எளிது. பெட்ரோலுக்குரிய தூய கலனில் முதலில் பாதிப் பெட்ரோலை ஊற்றி, அளவுக்குவளையால் அளந்த எண்ணெயைச் சேர்த்துக் குலுக்க வேண்டும். பின் எஞ்சிய பெட்ரோலை ஊற்றி மீண்டும் குலுக்க வேண்டும். குடிநீர்ப் புட்டியில் பெட்ரோலைச் சேமிப்பது உயிருக்கே ஊறு விளைவிக்கும். எந்திரம் குளிர்ந்த பின்னரே எரிபொருள் நிரப்ப வேண்டும். நிரப்பிய இடத்திலிருந்து மூன்று மீட்டரேனும் விலகிச் சென்ற பின்னரே அதை இயக்க வேண்டும்.

எத்தனாலும் ஈரமும்

இந்தியாவில் பெட்ரோலுடன் எத்தனால் கலந்து விற்கப்படுகிறது. 2022இல் 10 விழுக்காடாக இருந்த கலப்பு, 2025இல் 20 விழுக்காட்டை எட்டியது. சிறு எந்திரங்களின் கையேடுகள் பல 10 விழுக்காடு வரையிலான எத்தனாலையே ஏற்கின்றன. இதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன.

எத்தனால் முழுமையாக எரிய, அதே எடையுள்ள பெட்ரோலுக்கு வேண்டியதைவிடக் குறைவான காற்றே போதும். ஆகையால் பெட்ரோலுக்கேற்பப் பொருத்தப்பட்ட கார்புரேட்டரில் எத்தனால் மிகுந்தால், காற்றின் பங்கு கூடுதலாகி எந்திரம் சூடேறுகிறது. இது முதற்காரணம். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்ப்பது இரண்டாவது காரணம். சென்னைப் பகுதியின் ஈரப்பதம் மிகுந்த காற்றில் திறந்து வைக்கப்பட்ட கலனுக்குள் நீர் சேர்கிறது. நீர் ஓரளவுக்கு மேல் சேர்ந்தால் எத்தனாலும் நீரும் தனி அடுக்காகப் பிரிந்து அடியில் தங்குகின்றன. எண்ணெயோ மேலடுக்கிலுள்ள பெட்ரோலோடு நின்றுவிடுகிறது. எரிபொருள் குழாய் தொட்டியின் அடியிலிருந்து உறிஞ்சுவதால் எண்ணெயற்ற கலவையே எந்திரத்துக்குள் செல்கிறது. சில மணித்துளிகளில் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளக்கூடும். சரியான எண்ணெயைச் சரியான அளவில் கலந்தவருக்கும் இவ்விழப்பு நேரலாம்.

எனவே புதிய பெட்ரோலை வாங்கி, சில நாள்களுக்கு வேண்டிய அளவு மட்டும் கலந்து, கலனை இறுக மூடி நிழலில் வைக்க வேண்டும். ஊற்றும் முன் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். இரம்பத்தை நெடுநாள் பயன்படுத்தாமல் வைக்க நேர்ந்தால், தொட்டியைக் காலி செய்து, எஞ்சிய எரிபொருள் தீரும்வரை எந்திரத்தை ஓடவிட்டு நிறுத்த வேண்டும். சென்ற ஆண்டுப் புயலுக்குக் கலந்து மீந்ததை இவ்வாண்டுப் புயலுக்கு ஊற்றுவது பெருந்தவறு.

புகையும் உழைப்பவரும்

இருவீச்சு எந்திரத்தில் புகை வெளியேறும் வழியும் புதிய கலவை நுழையும் வழியும் சிறிது நேரம் ஒருங்கே திறந்திருக்கின்றன. அதனால் கலவையின் ஒரு பகுதி எரியாமலே வெளியேறுகிறது. 1990களில் இந்திய நகரங்களின் ஆட்டோக்களும் மொபெட்டுகளும் உமிழ்ந்த நீலப்புகைக்கு இதுவும், அளவின்றி ஊற்றப்பட்ட மட்டமான எண்ணெயும் காரணங்களாயின. 1998ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தில்லியில் இருவீச்சு எண்ணெயை உதிரியாக விற்பதைத் தடைசெய்து, அளந்து கலந்த எரிபொருளையே பெட்ரோல் நிலையங்கள் வழங்க வேண்டுமென ஆணையிட்டது. எண்ணெயின் தரமும் அளவும் ஒரு நகரத்தின் காற்றையே மாற்றக்கூடியவை என்பதற்கு இது சான்று. பின்னர்க் கடுமையான புகை வரம்புகள் வந்தபோது, சாலை ஊர்திகளில் நான்கு வீச்சு எந்திரங்களே பெரும்பாலும் இடம்பிடித்தன.

ஆட்டோவின் புகை சாலையில் பரவியது. இரம்பத்தின் புகையோ அதை ஏந்தியவரின் முகத்துக்கு அருகிலேயே எழுகிறது. நாள் முழுதும் அதைச் சுவாசிப்பவர் கூலித் தொழிலாளியே. குறைபுகை எண்ணெயின் விலை சற்றுக் கூடுதலாக இருக்கலாம். ஆனால் ஐம்பதுக்கு ஒன்று என்னும் விகிதத்தில் ஒரு லிட்டர் எண்ணெய் ஐம்பது லிட்டர் பெட்ரோலுக்குப் போதும். அவ்வைம்பது லிட்டர் பெட்ரோலின் விலையோடு ஒப்பிட்டால் நல்ல எண்ணெய்க்கும் மட்டமான எண்ணெய்க்கும் உள்ள விலை வேறுபாடு மிகச் சிறிது. தேய்ந்த பிஸ்டனையும் சிலிண்டரையும் மாற்றும் செலவும், கெட்ட நுரையீரலுக்கு ஆகும் செலவும் அவ்வாறு சிறியவை அல்ல. எண்ணெய் வாங்கித் தருபவர் ஒப்பந்தக்காரராகவும் புகையைச் சுவாசிப்பவர் தொழிலாளியாகவும் இருக்கும் இடங்களில், நல்ல எண்ணெயைத் தேர்ந்தெடுப்பது சிக்கனம் பற்றியது மட்டுமன்று. அறம் பற்றியதும் ஆகும்.

எந்திரத்தின் நலத்தை அறிய எளிய வழி ஒன்று உண்டு. மருத்துவர் நாக்கைப் பார்ப்பதுபோல எந்திரம் பழுதுபார்ப்பவர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறார். அதன் முனை இளம்பழுப்பு நிறத்தில் இருந்தால் கலவை சரியாக உள்ளது. கருத்து எண்ணெய்ப் பிசுக்குடன் இருந்தால் எண்ணெயோ எரிபொருளோ மிகுந்துள்ளது. வெளுத்திருந்தால் எந்திரம் அளவுக்கு மீறிச் சூடேறுகிறது. கிண்டி முதல் அம்பத்தூர் வரை சென்னையின் தொழிற்பேட்டைகளில் எத்தனையோ கைகள் பழகித் தேர்ந்த அறிவு இத்தகையதே. கூர்ந்து நோக்குதலும் காரணம் தேடுதலும் அதற்கு அடிப்படை.

தரம் அறிந்து தேர்ந்தெடுத்தல், அளவு அறிந்து கலத்தல், காலம் அறிந்து பயன்படுத்தல் ஆகிய மூன்றும் அமைந்தால் எந்திரம் நெடுநாள் உழைக்கும். அடுத்த புயல் எப்போது வரும் என்பதை முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல இயலாது. மரம் சாயும் நாளில் இரம்பம் இயங்குமா என்பது, அதற்கு முன் அளவுக்குவளையில் அளக்கப்பட்ட இருபது மில்லிலிட்டர் எண்ணெயைப் பொறுத்தது.